வேலூர்ப் பெண்களுக்கு ஒரு பீரியட் ஆப்: முதல் பேச்சிலிருந்து கடைசி பட்டன் வரை வடிவமைப்பது எப்படி

ப்ளே ஸ்டோரில் பீரியட் ஆப்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தனக்கென்று ஒரு போன், தனக்கென்று ஓர் அறை, 28-வது நாள் தவறாமல் வந்துவிடுகிற உடம்பு என்று மூன்றும் வாய்த்த ஒரு பெண்ணை மனதில் வைத்துச் செய்தவை. ஆம்பூரில் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கும், குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவருக்கும், காட்பாடி ஹாஸ்டலில் நாலு பேரோடு அறையைப் பங்கு போட்டுக்கொள்கிற காலேஜ் பெண்ணுக்கும் அவை அப்படியே ஒத்துவராது. நான் வேலூரில் ஆப் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த ஊர்ப் பெண்களுக்காக ஒன்று செய்யவேண்டும் என்றால் எங்கே தொடங்கி எப்படிப் போகவேண்டும் என்று இங்கே முழுதாக எழுதுகிறேன். டிசைனருக்கும் டெவலப்பருக்கும் மட்டும் இல்லை, இதைக் காலேஜ் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிற மாணவர்களுக்கும் உதவும்.

தொடங்கும் முன் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி கேட்டால், அதற்குப் பதில் சொன்னதால் தனக்கு என்ன கிடைத்தது என்று அவருக்கு உடனே தெரியவேண்டும். அப்படிக் காட்ட முடியாத கேள்வியைக் கேட்கவே வேண்டாம். எடை, உயரம், கல்யாணம் ஆகிவிட்டதா, இமெயில், போன் நம்பர் என்று தொடங்கும் பதிவுப் படிவம் முழுவதும் இந்த விதியிலேயே காலியாகிவிடும். வயது மட்டும் மிஞ்சும், அதுவும் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் போய்ப் பேசுங்கள்

பேசப் போகிறவர் பெண்ணாக இருக்கவேண்டும், பேசும் இடத்தில் ஆண்கள் இருக்கக்கூடாது. இது இரண்டும் இல்லாமல் கிடைக்கிற பதில்களை வைத்து எதுவும் செய்ய முடியாது. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உட்கார்வார்கள்.

"இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள். வந்தவர்களை வருத்தப்பட வைக்கக்கூடாது என்று எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இப்போ எப்படிக்கா ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும். ஒருவர் "போன அமாவாசைக்கு மறுநாள்" என்பார். இன்னொருவர் தங்கை வளைகாப்பை வைத்துக் கணக்குச் சொல்வார். பல வீடுகளில் சமையல்கட்டுச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் இருக்கும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் வந்த நாளுக்கு ஒரு வட்டம், அதற்கு நடுவில் ஏதோ ஒரு தேதியின் மூலையில் பேனா முனையால் வைத்த சின்னப் புள்ளி. வீட்டில் எல்லோரும் தினமும் பார்க்கிற காலண்டர்தான், ஆனால் அந்தப் புள்ளி என்னவென்று வைத்தவருக்கு மட்டுமே தெரியும்.

உங்கள் ஆப்புக்குப் போட்டி மற்ற ஆப்கள் இல்லை, அந்தப் புள்ளிதான். அதை வைக்க ஒரு நொடிகூட ஆகாது, சார்ஜ் வேண்டாம், நெட் வேண்டாம், யாருக்கும் தெரியாது. நீங்கள் செய்வது இதில் எந்த வகையிலும் அதைவிட மோசமாக இருக்கக்கூடாது, அதற்கு மேல் ஏதாவது ஒன்றாவது கூடுதலாகத் தரவேண்டும்.

முதல் திரையில் ஒரே ஒரு பதில்

பேசிப் பார்த்தால் தெரியும், பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அடுத்தது எப்போ?" அதையே இன்னும் நெருக்கிக் கேட்டால், "அந்த நாள்ல வருமா?" அது அக்கா மகள் கல்யாணமாக இருக்கலாம், திருவண்ணாமலை பௌர்ணமி கிரிவலமாக இருக்கலாம், செமஸ்டர் தேர்வாக இருக்கலாம்.

அதனால் ஆப்பைத் திறந்ததும் பெரிய எழுத்தில் அடுத்த தேதி. அதற்குக் கீழே ஒரு பட்டன்: "இன்று வந்தது". அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று: "ஒரு நாளைப் பார்". கல்யாணத் தேதியைத் தொட்டால் வர வாய்ப்பு உண்டா இல்லையா என்று ஒரு வரியில் சொல்லவேண்டும். பூப்போட்ட வட்டம், நிலா, நாலு கலர் வளையம் எல்லாம் டிசைன் போட்டிக்கு நன்றாக இருக்கும், பழகாத கண்ணுக்கு அதில் எதைப் பார்ப்பது என்று புரியாது. மாதக் காலண்டரை அடுத்த திரையில் வையுங்கள். ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதத் தேதி, அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை எல்லாம் அதில் இருக்கட்டும். எண்ணைவிட அந்த நாட்களை வைத்து ஞாபகப்படுத்திச் சொல்கிறவர்கள் இங்கே அதிகம்.

பதிவு செய்வது

கணக்குக்குத் தேவையானது முதல் நாள். புள்ளி புள்ளியாகத் தெரியும் கசிவை விட்டுவிட்டு, நன்றாகப் படத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். இதை ஆப்பில் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, இந்தப் பக்கத்தை அறியாதவர் வடிவமைத்தால் கண்ணிலேயே படாது. பல பெண்களுக்கு ஞாபகம் இருப்பது தலைக்குக் குளித்த நாள். அது சிலருக்கு மூன்றாம் நாள், சிலருக்கு ஐந்தாம் நாள், சில வீடுகளில் முதல் நாளே. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?" என்றுதான் கேட்பார். ஆகவே பழைய தேதியைப் பதிவு செய்யும் இடத்தில் இரண்டு வழி வையுங்கள்: "வந்த நாள் தெரியும்", "தலைக்குக் குளித்த நாள்தான் தெரியும்". இரண்டாவதைத் தொட்டால் "வந்து எத்தனையாவது நாள் குளிப்பீர்கள்?" என்று ஒரே ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஆப்பே கழித்துப் போட்டுக்கொள்ளட்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே இரண்டு மூன்று நாள் பிழை போய்விடும்.

"முடிந்தது" என்ற பட்டனைப் பலரும் அழுத்த மறந்துவிடுவார்கள். ஏழு நாள் தாண்டியும் அழுத்தவில்லை என்றால், அடுத்த முறை திறக்கும்போது "எப்போது நின்றது? இன்னும் நிற்கவில்லையா?" என்று கேட்டால் போதும். தினமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள்.

கணக்கு: தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

28 நாள் என்பது ஒரு சராசரி, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 21-லிருந்து 35 நாள் வரை இயல்பாக எடுத்துக்கொள்வார்கள், வயதுக்கு வந்து முதல் சில வருடங்களில் 45 நாள் வரைகூடப் போகலாம். வயதைக் கேட்கச் சொன்னது இதனால்தான். 14 வயதுப் பெண்ணுக்கு 40-வது நாள் "தாமதம்!" என்று சிவப்பில் காட்டினால் வீடே கலங்கிப் போகும்.

எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பெண்ணின் கடைசி ஆறு சுற்றுகள் (ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை ஒரு சுற்று) 27, 31, 29, 28, 34, 29 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படுத்தினால் 27, 28, 29, 29, 31, 34. நடுவில் இருப்பது 29. கூட்டி வகுத்த சராசரியைவிட இந்த நடு எண் நல்லது, ஏனென்றால் எப்போதோ ஒரு மாதம் காய்ச்சலிலோ அலைச்சலிலோ தள்ளிப்போனது மொத்தக் கணக்கையும் இழுத்துவிடாது. கடைசியாக வந்தது ஜூன் 3 என்றால் அடுத்தது ஜூலை 2. ஆனால் அதை மட்டும் காட்டாதீர்கள். மிகக் குறைந்த 27-ஐ வைத்தால் ஜூன் 30, மிக அதிகமான 34-ஐ வைத்தால் ஜூலை 7. ஆகவே திரையில் வரவேண்டியது: "ஜூன் 30-லிருந்து ஜூலை 7-க்குள், பெரும்பாலும் ஜூலை 2-ஐ ஒட்டி." ஒற்றைத் தேதி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு முறை பொய்யானால் ஆப்பின் மேல் நம்பிக்கை போய்விடும். இரண்டு மாதப் பதிவுகூட இல்லாதவருக்கு "இன்னும் இரண்டு முறை பதிந்தால் சொல்கிறேன்" என்பதே சரியான பதில்.

வழக்கமாக 29 நாள் இருப்பவருக்குத் திடீரென்று 58 நாள் இடைவெளி தெரிந்தால், நடுவில் பதிய மறந்திருக்கலாம். உண்மையிலேயே வராமலும் இருந்திருக்கலாம். ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

கருத்தரிக்கும் நாட்களைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். முட்டை ஒரு நாள்தான் தாங்கும், விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். மேலே சொன்ன அதே பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் முட்டை வருவது ஜூன் 16-லிருந்து 23-க்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், அப்படியானால் ஜூன் 11-லிருந்தே வாய்ப்பு தொடங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு வாரம்! இதை மூன்று பச்சை நாள், நாலு சிவப்பு நாள் என்று வரைந்து காட்டுவது ஆபத்து. இந்தப் பகுதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும். வேண்டும் என்பவர் செட்டிங்ஸில் போய்த் திறக்கும்போது, கருத்தடைக்கு இதை நம்பக்கூடாது என்ற வரி மறைக்க முடியாத இடத்தில் இருக்கவேண்டும்.

திருவிழா, நோன்பு, மாத்திரை

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டியும் ஆடி மாதத்திலும் கல்யாண சீசனிலும் மெடிக்கல் ஷாப்பில் மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற மாத்திரை கேட்டு வாங்குவது இங்கே சகஜம். எந்தக் கடவுளுக்கு எது ஆகும் ஆகாது என்று பேசுவது ஆப்பின் வேலை இல்லை, மாத்திரை போட்டதற்காக யாரையும் திட்டுவதும் அதன் வேலை இல்லை. ஆனால் கணக்குக்கு இது முக்கியம். பரவலாகக் கொடுக்கப்படுகிற நோரெத்திஸ்டிரோன் மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அந்த மாதம் இயல்பான சுற்று இல்லை என்பதால், "மாத்திரை போட்டேன்" என்று ஒரு குறி வைத்தால் அந்தச் சுற்றை ஆப் கணக்கிலிருந்து எடுத்துவிடவேண்டும். கூடவே, டாக்டரைக் கேட்காமல் போடவேண்டாம் என்று ஒரு வரி. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டிருந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை ஆகாது.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ரமலானில் வேறு ஒரு தேவை இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் விட்டுப்போன நோன்புகளைப் பிறகு நோற்று ஈடுசெய்யவேண்டும், அடுத்த ரமலானுக்குள் எத்தனை பாக்கி என்று மனதிலேயே எண்ணிக்கொண்டிருப்பார்கள். "விட்ட நோன்பு 6, நோற்றது 2, பாக்கி 4" என்று ஒரு எண்ணியை வைத்தால் போதும். இந்த ஒரு சின்ன வசதிக்காகவே ஆப்பை வைத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடம்பு சொல்வதைக் கேட்பது

அறுபது எழுபது ஐகான்களை அடுக்கி எது எது இருக்கிறது என்று கேட்கிற ஆப்கள் உண்டு. ஐந்து போதும்: வலி, எவ்வளவு படுகிறது, தலைசுற்றல், மனநிலை, தூக்கம்.

இதில் எவ்வளவு படுகிறது என்பதைக் கவனமாகச் செய்யுங்கள். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று கேட்டால் பதில் பயன்படாது, ஏனென்றால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதிகமாகவே இருக்கும் வீட்டில் வளர்ந்தவர் தனக்கு இருப்பதை இயல்பு என்றுதான் நினைப்பார். எண்ணக்கூடியதைக் கேளுங்கள்: இன்று எத்தனை நாப்கின் அல்லது துணி மாற்றினீர்கள், இரவில் எழுந்து மாற்றவேண்டியிருந்ததா, பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக் கட்டி வந்ததா. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. மாதம் மாதம் அதிகமாகப் போவதும் அதற்கு ஒரு காரணம், ஆனால் பலரும் அதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள்.

ஆகவே சில இடங்களில் ஆப் வாயைத் திறந்து பேசவேண்டும். தொடர்ந்து சில மணி நேரம் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், எட்டு நாள் தாண்டியும் நிற்காவிட்டால், கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வராவிட்டால், 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வராவிட்டால், ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு திரும்பப் பட்டால், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன நோய் என்று சொல்லாதீர்கள். "பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கலாம்" என்று ஆப் ஊகம் சொல்வதைப் போலக் கெட்டது வேறில்லை.

பார்க்கச் சொன்னால் மட்டும் போதுமா? அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ சிஎம்சியிலோ வெகுநேரம் காத்திருந்து உள்ளே போனால் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். "டாக்டரிடம் காட்ட" என்று ஒரு பக்கம் வையுங்கள். கடைசி ஆறு முறை வந்த தேதிகள், எத்தனை நாள் இருந்தது, எத்தனை நாப்கின், வலி எந்த நாட்களில், மாத்திரை ஏதாவது போட்டாரா, எல்லாம் ஒரே திரையில், மேலே கடைசித் தேதி பெரிய எழுத்தில். வலியையும் நாப்கின் எண்ணிக்கையையும் ஆறு மாதம் பதிந்ததற்கு அவருக்குக் கிடைக்கிற பலன் இதுதான்.

போன் அவருடையது மட்டும் இல்லை

மகன் கேம் விளையாடுவான், வீட்டுக்காரர் ஜிபே செய்வார், மாமியார் சீரியல் பார்ப்பார். எல்லாம் ஒரே போன். ஆகவே ஆப்பின் பெயரும் ஐகானும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மாதிரி மாற்றிக்கொள்ள வழி வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆக்டிவிட்டி ஏலியஸ் (ஒரே ஆப்புக்கு வேறு பெயரும் ஐகானும் கொடுக்கும் வசதி) வைத்து இதைச் செய்யலாம். லாக் திரையில் நோட்டிஃபிகேஷன் "ஒரு நினைவூட்டல்" என்று மட்டும் காட்டட்டும். ஃப்ளாக் செக்யூர் என்ற ஆண்ட்ராய்டு அமைப்பைப் போட்டால் சமீபத்திய ஆப்கள் வரிசையில் உள்ளே இருப்பது தெரியாது, ஸ்க்ரீன்ஷாட்டும் விழாது. திறக்க நாலு இலக்க பின் நம்பர் வையுங்கள், கைரேகையை மட்டும் நம்பவேண்டாம். பீடி சுற்றித் தேய்ந்த விரலையும் தோல் வேலையில் கெமிக்கல் பட்ட விரலையும் ரேஷன் கடை மெஷினே சில சமயம் படிக்காது.

ஒரே போனில் அம்மாவும் மகளும் தனித்தனி பின் நம்பரோடு தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள முடிந்தால் ரொம்ப நல்லது. யூனிசெஃப் செய்த ஓகி என்ற பீரியட் ஆப் பகிர்ந்துகொள்ளும் போனையும் நெட் இல்லாத இடத்தையும் மனதில் வைத்துச் செய்தது, ஓப்பன் சோர்ஸும்கூட, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். எடுத்துப் பாருங்கள்.

தகவல் எங்கே இருக்கவேண்டும்? போனிலேயே, பூட்டி. அக்கவுன்ட் வேண்டாம், சர்வர் வேண்டாம், விளம்பரக் கம்பெனிகளின் எஸ்டிகே (ஆப்புக்குள் சேர்க்கும் அவர்களுடைய நிரல்) ஒன்றுகூட வேண்டாம். பெர்லினில் செய்யப்பட்ட ட்ரிப் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் இப்படித்தான் தகவலைப் போனிலேயே வைத்துக்கொள்கிறது. இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஃப்ளோ என்ற பீரியட் ஆப், ரகசியமாக வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுச் சேவைகளுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2021-ல் அது சமரசத்தில் முடிந்தது.

நம் ஊரில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தகவலை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது. பள்ளிப் பெண்களுக்குச் செய்வதாக இருந்தால் வெளியிடும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். தகவலே உங்களிடம் வராது என்றால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.

எழுத்தும் நிறமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும், ஆகவே முதலில் தமிழில் திரையை வரைந்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு நன்றாக இருக்கும், கொம்பும் சுழியும் வெட்டுப்படாத அளவுக்கு வரி இடைவெளி விடுங்கள். பட்டன் 48 டிபிக்கு (ஆண்ட்ராய்டில் திரையில் அளவு சொல்லும் அலகு) குறையவேண்டாம். வேலூர் வெயிலில் வெளிர் ரோஸ் பின்னணியில் வெள்ளை எழுத்து தெரியவே தெரியாது. உருதும் தெலுங்கும் பின்னால் சேர்க்கவேண்டிவரும். உருது வலமிருந்து இடம் ஓடும் என்பதால் இப்போதே அதற்கு இடம் கொடுத்து வையுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

உங்கள் புதுப் போனில் சோதிக்காதீர்கள். இடம் நிறைந்து, திரை ஒரு மூலையில் கீறி, நெட் அணைந்த பழைய போனில் போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் சிக்னல் இல்லாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன, அங்கேயும் முழுதாக ஓடவேண்டும். கொடுத்துவிட்டு வேலையை மட்டும் சொல்லுங்கள்: "முந்தாநாள் வந்ததுன்னு வெச்சுக்கோங்கக்கா, அதைப் போடுங்க." "தப்பா அழுத்திட்டீங்க, அழிங்க." "பையன் போன் கேக்குறான், குடுங்க." கடைசியாகச் சொன்னதுதான் நல்ல சோதனை. ஒருவர் பதறி ஆப்பை மூடத் தேடினால் உங்கள் பூட்டு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். எந்த இடத்திலும் வாயைத் திறந்து உதவாதீர்கள், எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

வெளியிட்ட பிறகு ஆப் பரவுவது ஆள் வழியாகத்தான்: கிராம சுகாதாரச் செவிலியர், சுய உதவிக் குழு, ஹாஸ்டல் வார்டன். அவர்களிடம் காட்ட, யாருடைய தகவலும் இல்லாத ஒரு மாதிரிக் கணக்கை உள்ளேயே வைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் விளக்கிக் காட்டுவதற்காகத் தன் சொந்தத் தேதிகளைத் திறந்து காட்டவேண்டிய சங்கடம் அவர்களுக்கு வரும்.

அப்புறம் வெளியேறும் வழி. போன் மாற்றும்போது எடுத்துக்கொண்டு போக, பின் நம்பர் கேட்டுத் திறக்கிற ஒரு ஃபைலாகச் சேமிக்க விடுங்கள். வேண்டாம் என்று நினைப்பவருக்கு "எல்லாவற்றையும் அழி" என்ற பட்டன் செட்டிங்ஸின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்கவேண்டாம். உறுதியா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, உடனே, முழுதாக அழித்துவிடுங்கள்.